குறட்டையும் ஈறும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

குறட்டை என்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது. திரைப்படத்தில் நகைச்சுவைக்கு அதைவிட மலிவான கருவி வேறில்லை. பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் வந்தால் நாம் சிரிப்பதில்லை. ஆனால் கவலைப்படுவதும் இல்லை. 'உடம்புச் சூடு' என்று ஓர் இளநீரைக் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒன்று தொண்டையில் எழும் ஓசை. மற்றொன்று பல்லின் அடியில் கசியும் இரத்தம். இவ்விரண்டுக்கும் ஏதேனும் உறவு உண்டா என்று ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளாக மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். உண்டு என்போரும் இருக்கிறார்கள். இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்போரும் இருக்கிறார்கள். அந்த வழக்கை நம் மாணவ நண்பர்கள் முன் எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்று ஷிப்டு வேலையும், வெற்றிலை புகையிலையும், சர்க்கரை நோயும் ஒருங்கே குடியிருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியினருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

முதலில் குறட்டையைப் பார்ப்போம். கும்பகர்ணனை எழுப்பச் சென்றவர்களை அவன் மூச்சுக் காற்றே தள்ளியது என்று இராமாயணக் கதையில் கேட்டிருக்கிறோம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37ஆம் ஆண்டுகளில் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்னும் பருத்த சிறுவன் வேலைக்கு நடுவிலேயே உறங்கிக் குறட்டை விடுவான். 1956இல் பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் பருத்த உடல், ஓயாத பகலுறக்கம், மூச்சுக் குறைவு ஆகியவை கூடிய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது அந்த நாவலின் பெயரையே நோய்க்கு இட்டார்கள். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தகையோரின் உறக்கத்தை இரவு முழுவதும் கருவியில் பதிவு செய்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் உறங்கும்போது மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது! மூச்சின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதனை 'ஸ்லீப் அப்னியா' என்கிறார்கள். தமிழில் உறக்க மூச்சடைப்பு எனலாம்.

மூச்சு ஏன் நிற்கிறது? நம் மூச்சுக் குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு, அது சுருங்கிவிடாது. ஆனால் மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய தாங்கல் இல்லை. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகளே. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. மெல்லண்ணமும் உள்நாக்கும் தொய்கின்றன. வழி குறுகினால் காற்று அதிர்ந்து குறட்டையாகிறது. முற்றிலும் அடைத்துக்கொண்டால் குறட்டையும் நின்று அமைதியாகிவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் 'அப்பாடா' என்று நினைக்கும் அந்த அமைதியே ஆபத்தான நேரம். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது; மூளை திடுக்கிட்டு விழிக்கிறது; ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இது நினைவில் இருப்பதில்லை. குறைந்தது பத்து வினாடி நீடிக்கும் இத்தகைய அடைப்புகளும் குறைமூச்சுகளும் மணிக்கு 5க்கு மேல் வந்தால் நோய் என்றும், 15க்கு மேல் நடுத்தரம் என்றும், 30க்கு மேல் கடுமை என்றும் கணக்கிடுகிறார்கள். மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவன் கழுத்தை நெரித்து விடுவிப்பது போலத்தான்.

இது மேலைநாட்டுப் பணக்காரர்களின் நோய் என்று எண்ண வேண்டாம். மும்பையில் 2004இல் வெளியான ஆய்வில் நடுவயது ஆண்களில் 19.5 சதவீதத்தினருக்கு உறக்க மூச்சுக் கோளாறு காணப்பட்டது. டெல்லியில் 2006இல் வெளியான ஆய்வு 13.7 சதவீதம் என்றது. ஆசிய மக்களிடம் உடல் பருமன் அதிகம் இல்லாமலே இந்நோய் வருவதுண்டு. தாடையின் அமைப்பும் ஒரு காரணம். ஆகவே 'நான் ஒல்லி, எனக்கு வராது' என்பது செல்லாது.

இனி ஈறுக்கு வருவோம். பல் தாடையெலும்பில் ஆணி அடித்தாற்போல் நிற்பதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக் குழிக்கும் இடையே கொலாஜன் நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன; ஊஞ்சலைக் கயிறு பிடித்திருப்பது போல. பல்லின் மீது நாள்தோறும் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து காரையாக இறுகிவிடும். பிறகு எந்தப் பல்பொடிக்கும் அது அசையாது. ஆலங்குச்சி, வேலங்குச்சியின் பெருமையை நம் முன்னோர் சொன்னது சரியே. ஆனால் இறுகிய காரையை எடுக்க அக்குச்சிகளாலும் ஆகாது.

படலம் ஈறின் ஓரத்தில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசியும். இது ஈறு அழற்சி; சுத்தம் செய்தால் முற்றிலும் மீண்டுவிடும். அடுத்த கட்டம் அப்படியன்று. ஈறு பல்லை விட்டு விலகி ஒரு பை போன்ற பள்ளம் உண்டாகிறது. நல்ல ஈறில் இந்தப் பள்ளம் மூன்று மில்லிமீட்டருக்கு உட்பட்டது. நோயில் நான்கு, ஐந்து, ஆறு என்று ஆழமாகும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜனை வெறுக்கும் பாக்டீரியாக்களுக்கு அது நல்ல குடியிருப்பு. அவற்றை எதிர்க்க உடல் வெள்ளணுக்களை அனுப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், நாரையும் எலும்பையும் பெரிதும் அரிப்பது பகைவனை விட நம் படைதான். வெள்ளணுக்களும் திசுக்களும் வெளியிடும் நொதிகள் கொலாஜனைக் கரைக்கின்றன. வலி பெரும்பாலும் இருக்காது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். அப்போது இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 35 முதல் 44 வயது வரையுள்ளோரில் 89.6 சதவீதத்தினரிடம் ஈறு நோயின் ஏதேனும் ஓர் அறிகுறி இருந்தது. 65 முதல் 74 வயதினரிடம் அது 79.9 சதவீதமாகக் குறைந்தது. முதுமையில் ஈறு நலம் பெறுகிறது என்று மகிழ வேண்டாம். பல்லே போனபிறகு ஈறு நோயை எங்கே அளப்பது? நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். மூச்சடைப்பு ஈறை எவ்வாறு தாக்கக்கூடும்? அறிஞர்கள் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள்.

முதல் வழி எளியது, வாய் உலர்தல். உமிழ்நீர் வெறும் தண்ணீரன்று. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம், இரும்பைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவைப் பட்டினி போடும் லாக்டோபெரின், எதிர்ப்புப் புரதங்கள் ஆகியவை அதில் உண்டு. இயல்பாகவே உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அத்துடன் வாயைத் திறந்து மூச்சுவிட்டால் மிச்சமிருப்பதும் உலர்ந்துவிடுகிறது. மூக்கடைப்பால் வாய்வழி மூச்சுவிடும் சிறுவர்களுக்கு மேல்வரிசை முன்பற்களின் ஈறு மட்டும் சிவந்து தடித்திருப்பதைப் பல் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

இரண்டாவது வழி இரத்தத்தின் வழி. மூச்சடைப்பில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூச்சு வந்ததும் சட்டென்று ஏறுகிறது. ஒரே சீராகக் குறைந்திருப்பதைவிட இந்த ஏற்ற இறக்கமே திசுக்களுக்குக் கேடு. ஆக்சிஜன் திரும்பப் பாயும்போது வினைத்திறன் மிக்க தனி உறுப்புகள் தோன்றுகின்றன. அவை அழற்சியைத் தூண்டுகின்றன. உறக்க மூச்சடைப்பு உள்ளோரின் இரத்தத்தில் இன்டர்லூகின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிப் பொருள்கள் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஈறு நோய் முற்றியவர்களின் இரத்தத்திலும் அவையே மிகுகின்றன. இரண்டு வீட்டிலும் ஒரே புகை. ஒரு வீட்டு நெருப்பு மற்றொன்றுக்குப் பரவியதா, இரண்டும் தனித்தனியே பற்றினவா என்பதே கேள்வி.

கேள்விக்கு விடை தேடியவர்களில் முன்னோடிகள் ஆஸ்திரேலியர்கள். சிட்னியில் 66 மூச்சடைப்பு நோயாளிகளின் ஈறுகளை அளந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கால் பங்கிற்கும் மேற்பட்டோருக்கு முற்றிய ஈறு நோய் இருந்தது. அந்நாட்டின் பொதுக் கணக்கெடுப்பைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. படித்தவுடன் வியப்புத் தரும் எண் இது. ஆனால் நிதானிக்க வேண்டும். அதே வயதும் அதே பழக்கங்களும் கொண்ட, மூச்சடைப்பு இல்லாதவர்களை அவர்கள் உடன் அளக்கவில்லை. பழைய கணக்கெடுப்போடுதான் ஒப்பிட்டார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுக் குழாய் வைக்காமல் செய்த சோதனைக்கு விரிவுரையாளர் எத்தனை மதிப்பெண் இடுவார் என்பது நமக்குத் தெரியும்!

கொரியாவில் 2013இல் வெளியான ஆய்வு இந்தக் குறையைத் தவிர்த்தது. அன்சான் என்ற நகரில் 687 பேரை அளந்தார்கள். அன்சானும் தலைநகரின் அருகே தொழிற்பேட்டையாக வளர்ந்த ஊர். நம் அம்பத்தூருக்கு ஒருவகையில் உறவு. வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் மூச்சடைப்பு உள்ளோருக்கு ஈறு நோயின் வாய்ப்பு விகிதம் 1.84 என்று வந்தது. நான்கு மடங்கு இரண்டு மடங்காகக்கூட இல்லாமல் சுருங்கிவிட்டது, ஆனால் மறைந்துவிடவில்லை. 2015இல் அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழி மரபினர் 12,469 பேரைக் கொண்டு வெளியான பெரிய ஆய்வும் தொடர்பைக் கண்டது. இளந்தலைமுறையினரிடமே அது தெளிவாகத் தெரிந்தது என்பது நம்போன்றோர் கவனிக்கத்தக்கது. அதே 2015இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு 100 நோயாளிகளை அளந்து, மூச்சடைப்பின் கடுமைக்கும் ஈறு நோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றது. பற்படலத்தோடு மட்டுமே தொடர்பு இருந்ததாம்.

எதை நம்புவது? தொடர்பு உண்டு, ஆனால் மிதமானது; காரண காரிய உறவு நிறுவப்படவில்லை என்பதே என் கருத்து. வயது ஏறினால் இரண்டும் ஏறும். ஆண்களுக்கு இரண்டும் மிகுதி. பருமன், புகை, சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் இரண்டு நோய்க்கும் பொதுவான உறவினர்கள். மழைக்காலத்தில் குடையும் சளியும் சேர்ந்தே தென்படுகின்றன. குடையால் சளி பிடிப்பதில்லை.

சர்க்கரை நோயோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று ஹரால்ட் லோ என்ற அறிஞர் 1993இல் எழுதினார். அதன்பின் ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்பது சோதனைகளாலேயே காட்டப்பட்டுவிட்டது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து 2023இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்பதை நினைத்தால் இது சிறிய செய்தியன்று. குறட்டைக்கும் ஈறுக்கும் இடையே இவ்வளவு உறுதியான சான்று இன்னும் இல்லை.

அப்படியானால் இதைப் படிப்பதால் பயன் என்ன? இங்கேதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் செய்தி இருக்கிறது. காரணம் எதுவாயினும், ஈறு போனவருக்கு மூச்சடைப்பின் சிகிச்சைகளில் ஒன்று கைநழுவுகிறது. இந்நோய்க்குத் தலையாய சிகிச்சை, முகமூடி வழியே அழுத்தமான காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1981இல் அதை அறிமுகப்படுத்தினார். நல்ல கருவிதான், விலை பல பத்தாயிரம் ரூபாய், இரவெல்லாம் மின்சாரம் வேண்டும், மாட்டிக்கொண்டு உறங்கப் பொறுமையும் வேண்டும். அதைத் தாங்க முடியாதவர்களுக்கும் நோய் மிதமானவர்களுக்கும் வேறொன்று உண்டு. பல் மருத்துவர் செய்து தரும் வாய்க்கருவி அது. மேல் பற்களிலும் கீழ்ப் பற்களிலும் பொருந்திக் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து வைக்கிறது, நாக்கும் உடன் முன்னே வருகிறது, தொண்டை திறக்கிறது. ஆனால் அது பற்றிக்கொள்வது எதை? பற்களை. இரவு முழுதும் தாடையின் எதிரிழுப்பைத் தாங்க உறுதியான பற்கள் போதிய அளவில் வேண்டும். ஆடும் பல்லில் அதைப் பூட்டினால் பல்லும் போகும், கருவியும் பயன்படாது.

பல் முழுதும் போனவர் கதை இன்னும் சிக்கல். பல் செட்டைக் கழற்றிவிட்டு உறங்கினால் மூச்சடைப்பு கூடுகிறது என்று இத்தாலியில் 2006இல் வெளியான ஆய்வு சொன்னது. மாட்டிக்கொண்டு உறங்கினால்தான் கூடுகிறது என்று 2012இல் வெளியான வேறோர் ஆய்வு மாறாகச் சொன்னது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். பல்லில்லாத வாயில் நாக்கும் தாடையும் இடம் மாறிவிடுகின்றன என்பது வரை ஐயமில்லை.

என் பெரியப்பா அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டுகிறார். வயது 51. கீழ்வரிசையில் நான்கு பற்கள் இல்லை, இரண்டு ஆடுகின்றன. அவர் குறட்டை எங்கள் வரிசை வீடுகள் அனைத்துக்கும் கேட்கும். நடுவில் நின்று நின்று வரும். பிற்பகலில் ஸ்டூலில் உட்கார்ந்தால் தலை தானாகச் சாய்கிறது. நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழலும் சக்கின் முன் சாயும் தலை அது. பல் டாக்டரிடம் அவர் இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டு முறையும் பிடுங்குவதற்கு. உறக்கத்தைப் பற்றி அங்கே பேச்சு எழவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கும் இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னவரும் இல்லை. நம் பகுதியில் காலை மின்சார ரயிலில் ஏறி, பட்டரவாக்கத்துக்கும் ஆவடிக்கும் இடையே வாய் திறந்து உறங்குவோரைப் பார்த்தால் அவரைப் போன்றவர் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்களில் பலர் இரவு ஷிப்டின் வெறும் களைப்பினால் உறங்குகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. களைப்பையும் நோயையும் பிரித்தறிவதே கடினம்.

பிரித்தறிய முதற்படி செலவற்றது. வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கும் அண்ணத்தின் பின்பகுதியும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்க்கலாம். ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்க மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் இதை வகைப்படுத்தினார். அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழாய் செருகுவது எளிதா கடினமா என்று முன்கூட்டி அறிவதே அவர் நோக்கம். நாக்கு எல்லாவற்றையும் மறைத்தால் தொண்டை நெருக்கம் என்று பொருள். மூச்சடைப்பு நோயைச் சந்தேகிக்கவும் இன்று அது உதவுகிறது. அதனுடன் நான்கு கேள்விகள்: சத்தமாகக் குறட்டை உண்டா? உறக்கத்தில் மூச்சு நிற்பதை யாரேனும் கண்டதுண்டா? பகலில் உறக்கம் வருகிறதா? இரத்த அழுத்தம் உண்டா? வாயைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பல் மருத்துவருக்கு இவை இரண்டு நிமிட வேலை. உறுதி செய்ய இரவுச் சோதனை வேண்டும் என்பது வேறு. 2020இல் கொரோனாக் காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிஜன் கருவியின் வகைதான் அச்சோதனையிலும் முக்கியப் பங்கு வகிக்கிறது. அதன் அடிப்படையை 1974இல் கண்டவர் ஜப்பானியரான தகுவோ அயோயாகி.

நம் பகுதியில் இதற்கு வசதி இல்லாமலில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலும், முகப்பேரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகங்கள் உண்டு. ஓர் ஆய்வு நடத்தினால் எப்படி நடத்துவது என்று நண்பர்களோடு பேசிப் பார்த்தேன். 'ஈறு நோய் உண்டா, இல்லையா' என்று கேட்டுப் பயனில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அறிகுறி இருக்கும் நாட்டில் அக்கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. பள்ளம் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை பற்களில் என்று அளக்க வேண்டும். புகைபிடிப்போருக்கு ஈறில் இரத்தம் குறைவாகவே வரும். நிகோடின் குழல்களைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே இரத்தக் கசிவை மட்டும் நம்பக் கூடாது. புகையும் மெல்லும் புகையிலையும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். சர்க்கரையைக் கேட்டு எழுதாமல் சோதித்து எழுத வேண்டும். தமக்கு இருப்பதை அறியாதவர் பலர். பகல் ஷிப்டினரையும் இரவு ஷிப்டினரையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. குறட்டையைப் பற்றிய பக்கத்தை மட்டும் தொழிலாளியிடம் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் சரியான விடை அவர் மனைவிக்குத்தான் தெரியும்.